வெயிலுக்கு ஒரு வருகைப் பதிவேடு

பாளையங்கோட்டையை ஒட்டிய வண்ணார்பேட்டையில் ஒரு துணிக்கடைக்கு மேலே, நான்காவது மாடியில், அதிவேகத் தொழில் வளர்ப்பு மையம் என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் வேலை செய்வதில்லை. வேகமாக வளர விரும்புகிறவர்கள் படியேறி, ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி, மெதுவாகத்தான் அங்கே போய்ச் சேர வேண்டும். அது அரசு அலுவலகமா, தனியார் அலுவலகமா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. கேட்டபோதெல்லாம் “இரண்டும் சேர்ந்தது” என்றார்கள். எந்த வேலையை எது செய்கிறது என்று சொல்லவில்லை.

எழுபத்தொரு வயதில் நான் ஏன் அந்தப் படிகளை ஏறினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டு உப்பு நார்த்தங்காய்க்கு ஒரு பெயர் உண்டு. நானே சொல்வது அழகல்ல, வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளலாம். பிள்ளை பெற்ற வீட்டிலும், காய்ச்சல் விட்டு வாய் கசந்து கிடக்கிற வீட்டிலும், மக்காவுக்கு உம்ரா போகப் பெட்டி கட்டுகிற வீட்டிலும் “நூகு சாய்பு வீட்டுப் பாட்டில்” என்று பெயர் சொல்லித்தான் கேட்பார்கள். நூகு என்பது என் பெயர். எனக்கு முன்னால் என் பாட்டனாரின் பெயர். களக்காட்டில் வைத்தியலிங்கம் அண்ணாச்சியின் தோப்பில் இருபத்திரண்டு நார்த்தை மரங்கள் எங்களுக்கென்றே நிற்கின்றன. காயைச் சுருள் சுருளாக அரிந்து, உப்பு அடைத்து, ஜாடியில் ஊறவைத்து, பகலெல்லாம் மாடியில் காயவிட்டு, மாலையில் மறுபடி அதே உப்புநீரில் போட வேண்டும். இப்படி நாற்பது நாள். முப்பத்தொன்பதாம் நாள் எடுத்தால் என் நாக்குக்குத் தெரிந்துவிடும். ஆண்டுக்கு முந்நூறு பாட்டில்தான் போடுவோம். அறுபது ஆண்டுகளில் ஒரு பாட்டிலில்கூடக் குறை சொன்னவர் இல்லை.

தொழிலை இப்போது பார்ப்பவள் மருமகள் ஷம்ஸியா. மகன் அலி அஸ்கர் பதினோரு ஆண்டுகளாக வளைகுடாவில், தம்மாமில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் மேற்பார்வையாளன். பேத்தி அர்வாவுக்கு வாப்பா என்றால் செல்போனில் வருகிற முகம். அவன் ஊரோடு வந்துவிட வேண்டும். வந்தால் இந்தத் தொழில் அவனையும் தாங்க வேண்டும். ஷம்ஸியா அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். அண்ணாச்சி தோப்பில் புதிதாகக் கன்றுகள் வைத்தாயிற்று. ஆண்டுக்கு நூறு பாட்டிலாகக் கூட்டுவது. கன்றுகள் காய்ப்புக்கு வருகிற நான்காம் ஆண்டில் அவனை வரச்சொல்வது.

“பதினோரு வருசம் பொறுத்தாச்சு மாமா. இன்னும் நாலுதான. பைய போவோம்” என்றாள்.

நானும் சரி என்றுதான் சொன்னேன். அந்த வாரம் மையத்திலிருந்து கடிதம் வந்தது. ‘பாரம்பரியத் தொழில் வேந்தர் திருமிகு நூகு அவர்களுக்கு’ என்று தொடங்கியிருந்தது. என் தகுதியைச் சரியாகப் புரிந்துகொண்டு எழுதப்பட்ட முதல் கடிதம் அது. படியேறினேன்.

கூடத்தில் என்னையும் சேர்த்து முப்பது பேர் இருந்தார்கள். ‘முப்பது தொழில்கள், நூறு நாட்கள்’ என்று மேடையில் பேனர் கட்டியிருந்தது. இயக்குநர் சிவசண்முகம் கோட் போட்டிருந்தார். காத்திருப்பது ஒரு நோய் என்று பேச்சைத் தொடங்கினார்.

“உங்கள் தந்தைக்கு அந்த நோய் இருந்தது. பாட்டனாருக்கு இருந்தது. நீங்கள் பிறப்பதற்குப் பத்து மாதம் ஆனது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது அந்தக் காலம்.”

கைதட்டினார்கள். இந்த மையத்துக்கு அனுமதி வாங்கத் தாம் ஒன்பது ஆண்டுகள் கோப்போடு அலைந்ததை அடுத்துச் சொன்னார். அதற்கும் கைதட்டினார்கள்.

எங்கள் வரிசைக்கு வழிகாட்டியாகக் கெவின் என்ற இளைஞரைப் போட்டிருந்தார்கள். இதற்கு முன்னால் என்ன தொழில் செய்தீர்கள் என்று கேட்டேன். வழிகாட்டும் தொழில் என்றார். அதற்கும் முன்னால் என்றேன். வழிகாட்டப் படித்தாராம்.

அடுத்தது இலக்கு சொல்லும் சடங்கு. ஒவ்வொருவரும் எழுந்து, நூறு நாளில் எத்தனை மடங்கு வளரப்போகிறோம் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். கெவின் அதைப் படிவத்தில் எழுதிக்கொள்வார். எண் பெரிதாக ஆகக் கைதட்டல் நீளும். முறுக்குச் சுடுகிற ஒருவர் “ஒன்றரை மடங்கு” என்றார். இயக்குநர் அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். எனக்கு முந்தின நாற்காலியில் காஜா முகைதீன். எங்கள் தெருக்காரர், இஸ்திரி வண்டி வைத்திருப்பவர், என் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர். அவர் எழுந்து “பத்து மடங்கு” என்றார். கூடம் அதிர்ந்தது. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஷம்ஸியா சொன்ன நூறு பாட்டில் என் வாயில் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் பின்னால் நின்றதில்லை. “பதினைந்து மடங்கு” என்றேன். வழக்கம்போல “இன்ஷா அல்லாஹ்” என்றும் சேர்த்தேன்.

கெவினின் பேனா நின்றது.

“பாய், கடைசியில சொன்னீங்கள்லா, அதுக்குப் படிவத்துல இடம் இல்ல. நிபந்தனை எதுவும் போடக்கூடாதுன்னு விதி இருக்கு.”

“அது நிபந்தனை இல்ல தம்பி. நாளைக்கு நடக்கப்போறதச் சொன்னா, இறைவன் நாடினாங்கிறதச் சேத்துத்தான் சொல்லணும்.”

அவர் மேடைக்குப் போய் இயக்குநரின் காதில் சொன்னார். இயக்குநர் சற்று யோசித்து ஒலிபெருக்கியிலேயே கேட்டார்.

“அந்த அனுமதி எத்தனை நாளில் கிடைக்கும்?”

வெளி அனுமதி தேவைப்படும் தொழில்களை அடுத்த ஆண்டு அணியில்தான் சேர்க்க முடியும் என்று அவர் வருத்தம் தெரிவித்தார். காஜா முகைதீன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் அந்தச் சொல்லைச் சொல்லாமலே இடம் பிடித்தவர். எழுபத்தொரு ஆண்டுகளில் அந்தச் சொல் இல்லாமல் நான் நாளையைப் பற்றிப் பேசியதில்லை. “அது இல்லாமலே எழுதிக்கோங்க” என்றேன். அன்றைக்கு நீண்ட கைதட்டல் எனக்குத்தான். பொன்னாடையும் போர்த்தினார்கள்.

படியிறங்கும்போது காஜா முகைதீன் கூடவே வந்தார். “நான் பேச்சுக்குத்தான் பத்துன்னேன். நீங்க எப்படி நூகு காக்கா பதினஞ்சு?” என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் பேச்சுக்குச் சொல்லுகிற பழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்படித்தான் அது வாக்காயிற்று.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மகனைப் போனில் அழைத்தேன்.

“ஏலே, வேலைய விட்டுட்டு வந்துரு. நூறு நாள்தான்.”

“ஷம்ஸியா நாலு வருசம்லா சொன்னா வாப்பா” என்றான்.

“நாலு பேர் முன்னால சொல்லியாச்சு.”

நான் சொல்லியாயிற்று என்றால் அவன் மறுபேச்சுப் பேசமாட்டான். அப்படித்தான் வளர்த்திருக்கிறேன். அந்த மாதமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டான். ஷம்ஸியா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இரண்டு நாள் சோறு வைக்கும்போது மட்டும் தட்டு தரையில் சற்றுச் சத்தமாக உட்கார்ந்தது.

அடுத்த வாரம் கெவின் எங்கள் வீட்டுக்கு ஆய்வுக்கு வந்தார். கையில் நிறுத்துக் கடிகாரம். பெண்கள் காய் அரிவதை நேரம் பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு மாடிக்குப் போய், சுளகுகளில் நார்த்தங்காய் காய்வதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

“இப்ப இங்கன யார் வேலை பாக்குறாங்க?”

“வெயில்” என்றாள் ஷம்ஸியா.

அவள் குத்தலாகத்தான் சொன்னாள். அவர் அதையும் படிவத்தில் எழுதிக்கொண்டார். பணியாளர் ஆறு: பெண்கள் ஐவர், வெயில் ஒருவர். இதில் அதிக நேரம் எடுப்பவர் ஆறாமவர் என்பது அவர் கண்டுபிடிப்பு. பத்து நாளில் மையத்திலிருந்து ஒரு வருகைப் பதிவேடு வந்தது. வெயில் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்குப் போகிறது என்று தினமும் நான் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மையத்துக்கு வாக்குக் கொடுத்தவன் என்பதால் எழுதினேன்.

ஐப்பசி பிறந்தது. மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் ஒரு கடிதம்: ‘தங்கள் பணியாளர் திரு. வெயில் முன்னறிவிப்பின்றி மூன்று நாட்கள் பணிக்கு வராதது கவனத்துக்கு வந்துள்ளது. ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும். தவறினால் மாற்று ஏற்பாடு செய்யப்படும்.’

நான் என் கைப்பட விளக்கம் எழுதினேன். இது ஐப்பசி என்றும், இந்த மாதம் அவர் விடுப்பில் போவது என் பாட்டனார் காலத்திலிருந்தே வழக்கம் என்றும், கார்த்திகையிலும் அவரை நம்ப முடியாது என்றும் குறிப்பிட்டேன். ‘பணியாளர் மீது நிர்வாகத்துக்குக் கட்டுப்பாடு இல்லை’ என்று அதில் ஒரு குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார்கள்.

அதற்குள் காய் பிரச்சினை வந்தது. பதினைந்து மடங்கு பாட்டிலுக்குப் பதினைந்து மடங்கு காய் வேண்டும். இயக்குநரும் கெவினும் என்னை அழைத்துக்கொண்டு களக்காட்டுக்கு வந்தார்கள். வைத்தியலிங்கம் அண்ணாச்சி இளநீர் வெட்டிக் கொடுத்தார். இயக்குநர் குடித்துவிட்டு, மரங்களுக்கு நடுவே நின்று, ஒவ்வொரு மரமும் தன் சௌகரிய வட்டத்தை விட்டு வெளியே வர வேண்டும் என்று பேசினார். பிறகு இருபத்திரண்டு மரங்களிலும் இலக்கு எழுதிய அட்டையைக் கம்பியால் கட்டினார்கள். கன்றுகளையும் விடவில்லை. முழங்கால் உயரக் கன்றின் மேல் முந்நூறு காய் என்று தொங்கியது.

அண்ணாச்சி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கத்தில் வந்தார்.

“வே சாய்பு, மரத்துக்குப் படிக்கத் தெரியாது, அது தப்பிச்சுது. எனக்குத் தெரியுதே, அதான் வெக்கமா இருக்கு. உமக்கு என்ன வந்துது?”

ஐம்பது ஆண்டுப் பழக்கத்தில் அவர் என்னை அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

மரங்கள் ஒத்துழைக்காததால் மையமே சந்தையிலிருந்து லாரியில் காய் இறக்கியது. வெயிலுக்குப் பதிலாக ஒரு மின் உலர்த்தி வந்தது. நாற்பது நாள் வேலையை அது இரண்டு நாளில் முடிக்கும் என்றார்கள். மகனும் அப்போது வந்து இறங்கியிருந்தான். அர்வா முதல் இரண்டு நாள் அவனிடம் பேசாமல் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். மூன்றாம் நாள் அவன் தோளை விட்டு இறங்கவில்லை. அதைப் பார்த்தபோது, நாற்பது நாள் ஒன்றும் மறையில் சொன்னதல்லவே என்று எனக்கே தோன்றிவிட்டது.

உலர்த்தியிலிருந்து முதல் தட்டு வெளியே வந்ததும் ஷம்ஸியா ஒரு சுருளைப் பிரித்துக் காட்டினாள். மேலே காய்ந்திருந்தது. உள்ளே பச்சை.

“மாமா, இது நம்ம வீட்டுச் சரக்கு இல்ல. உங்க பேர ஒட்டாதீங்க.”

“வாக்குக் கொடுத்தாச்சும்மா.”

“வாக்குக் கொடுத்தது நீங்க. திங்கப் போறது பிள்ளை பெத்தவ” என்றாள்.

நான் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. வைத்தால் தெரிந்துவிடும் என்பதால் வைக்கவில்லை. இதை எழுதும்போதும் என் கை கூசுகிறது.

நாலாயிரத்து ஐந்நூறு பாட்டில் தொண்ணூற்றெட்டாம் நாளில் வெளியே போயின. மூன்று வாரத்தில் பூசணம் பிடித்தது. முதலில் வந்த செய்தி, உம்ராவுக்குப் போன ஒரு வீட்டிலிருந்து. மக்காவில் அறையில் திறந்து பார்த்து, நாற்றம் தாங்காமல் மூடி வைத்தார்களாம். ஊர் திரும்பியதும் அந்த வீட்டு அம்மா என்னைத் தெருவில் பார்த்து, “நாங்கதான் சரியா மூடலபோல” என்று சொன்னார். நூகு வீட்டுச் சரக்கில் குறை இருக்கும் என்று அவருக்கு நினைக்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலையிலிருந்து நானும் மகனும் வீடு வீடாகப் போனோம். மேலப்பாளையம் முடித்து, டவுன், பாளையங்கோட்டை என்று பதினெட்டு நாள் ஆயிற்று. மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. வாசலில் நின்று, பாட்டிலைக் கொடுங்கள் என்று மட்டும் சொன்னேன். யாராவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அதுக்கென்ன மாமா, தூரப் போட்டுட்டோம், டீ குடிக்கீயளா?” என்றுதான் கேட்டார்கள்.

அந்தப் பதினெட்டு நாளின் முடிவில் மையத்தின் மதிப்பீடு வந்தது. வெளியே போன பாட்டில்கள் சரக்கு நடமாட்டம். திரும்பி வந்த பாட்டில்களும் சரக்கு நடமாட்டம். இரண்டையும் கூட்டியதில் நான் இலக்கைத் தாண்டியிருந்தேன். அணியில் முதலிடம் எங்களுக்கு. முறுக்குக்காரர் நூறு நாளில் உண்மையாகவே ஒன்றரை மடங்கு வளர்ந்திருந்தார். அவரை முன்னேற்றம் போதாதவர் என்று நீக்கியிருந்தார்கள்.

நான் இயக்குநரை நேரில் பார்த்து, அவை கெட்டுப்போன பாட்டில்கள் என்று சொன்னேன். அவர் பரிவோடு கேட்டுக்கொண்டார்.

“ஐயா, நாங்கள் வளர்ச்சியை மட்டும்தான் அளக்கிறோம். தரத்துக்கு வேறு துறை இருக்கிறது. அங்கே மனுக் கொடுங்கள். கொஞ்ச காலம் ஆகும், பொறுமையாக இருங்கள்.”

மாசியில் அலி அஸ்கர் திரும்பிப் போனான். பழைய வேலை காலியாக இல்லை. அதே கிட்டங்கியில் மூட்டை இறக்குகிற இடம்தான் கிடைத்தது. அவன் பழக்கிவிட்ட பையன் இப்போது அவனுக்கு மேற்பார்வையாளன். இதை அவன் என்னிடம் சொல்லவில்லை, ஷம்ஸியா சொன்னாள். போகும்போது என் கையைப் பிடித்து, நீங்கள் எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் வாப்பா என்றான். திட்டத் தெரியாதவனாக அவனை வளர்த்ததும் நான்தான்.

ஷம்ஸியா மறுபடி முந்நூறு பாட்டிலிலிருந்து தொடங்கினாள். இந்த முறை பெயர்ச்சீட்டில் என் பெயரைப் போடவில்லை. நானும் கேட்கவில்லை.

பங்குனியில் மையத்தின் இரண்டாம் அணித் தொடக்க விழா. சாதனையாளராக வரவேண்டும் என்று இரண்டு முறை அழைத்தார்கள், மறுத்துவிட்டேன். மூன்றாம் முறை, நான் வராவிட்டாலும் பேனரில் என் படம் இருக்கும் என்றார்கள். அந்தப் படத்தை அகற்றச் சொல்லத்தான் நான்கு மாடியும் ஏறினேன். ஏறி மூச்சு வாங்குவதற்குள் என்னை மேடையில் உட்காரவைத்துவிட்டார்கள். என் முதுகுக்குப் பின்னால் நான் பொன்னாடையோடு ஆளுயரத்துக்கு மேல் நின்றேன். பக்கத்தில் பதினைந்து என்று எழுதியிருந்தது.

“நூறே நாளில் இலக்கைத் தாண்டியவர்” என்று இயக்குநர் அறிமுகம் செய்தார். “இன்று இவரது நிறுவனம் வளைகுடாவிலும் கால் பதித்திருக்கிறது. இவருடைய மகனே நேரில் அங்கே இருந்து பணியாற்றுகிறார்.”

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். நாற்பது வயதிருக்கும். உவரியிலிருந்து வருவதாகவும், பெயர் அஞ்சலின் என்றும், கருவாடு போடுவதாகவும் சொன்னாள்.

“பாய், ஒண்ணு கேக்கட்டா? எம் மவ நர்சிங் ரெண்டாம் வருசம் படிக்கா. படிப்ப நிறுத்திட்டு எங்கூட வந்து நில்லுன்னு சொல்லலாமான்னு இருக்கேன். நூறு நாள்ல இவங்க சொல்லுத மாதிரி நெசமாவே முடியுமா?”

நான் எழுந்து நின்றேன். எங்கள் வீட்டு விஷயம் மேலப்பாளையத்தோடும், நான் ஏறி இறங்கிய வாசல்களோடும் நின்றிருந்தது. அங்கெல்லாம் எங்கள் முகத்துக்காக வாயைத் திறக்கமாட்டார்கள். இங்கே ஒலிபெருக்கியில் சொன்னால் மாவட்டம் முழுக்கப் போகும். பாட்டனாரின் பெயரை நானே என் வாயால் இறக்கி வைக்க வேண்டும். அந்தப் பெண் பேனரைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“முடியாதும்மா” என்றேன். “என் பாட்டில் பூசணம் பிடிச்சுது. வீடு வீடாப் போயி நானே திருப்பி வாங்கினேன். எம் மவன் இருந்த வேலையும் போயி, இப்ப அங்கன மூட்டை இறக்குதான். நூகு வீட்டுச் சரக்கு கெட்டுப்போச்சுன்னு நானே சொல்லுதேன். உம் மவளைப் படிக்க விடு. கருவாடு அது காயுத நேரத்துலதான் காயும்.”

நான் உட்கார்ந்தேன். பிறகு கெவின் பின்னாலிருந்து சைகை காட்டினார், கைதட்டினார்கள்.

“கவனித்தீர்களா?” என்றார் இயக்குநர். “தோல்வியைப் பற்றி இவ்வளவு அழகாகப் பேச, வெற்றியாளரால் மட்டும்தான் முடியும்.”

கைதட்டல் இன்னும் பலமாயிற்று. அஞ்சலின் மட்டும் தட்டவில்லை. பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் படியிறங்கிப் போனாள். அவள் இறங்குகிற சத்தம் மூன்றாவது மாடிவரை எனக்குக் கேட்டது.

இயக்குநர் காலி நாற்காலியைப் பார்த்தார். பேனரில் முப்பது தொழில்கள் என்று இருந்தது. அப்போது கீழே தெருவிலிருந்து டீக்கடைக்காரர் தூக்குவாளியோடு மாடியேறி வந்து வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். வாளியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கெவின் ஒரு படிவத்தைக் கொடுத்து, நூறு நாளில் எத்தனை மடங்கு வளரப்போகிறீர்கள் என்று கேட்டார்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அணியைப் பார்த்தார், இயக்குநரைப் பார்த்தார். பிறகு என் தலைக்கு மேலே இருந்த படத்தை மரியாதையோடு பார்த்தார்.

“அந்தப் பெரியவரு எவ்வளவு சொன்னாரோ, அதையே எனக்கும் போட்டுக்கிடுங்க.”

போட்டுக்கொண்டார்கள்.